வீட்டுக்கு ஒரு நோட்டு, கழனிக்கு ஒரு நோட்டு

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் செலவுக் கணக்கைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், பின்வரிசையில் இருந்து இந்தப் பழமொழி வந்து விழும். எல்லோரும் சிரிப்போம். பேச்சு அடுத்ததாக மீன் அமிலத்துக்கோ பஞ்சகவ்யத்துக்கோ போய்விடும்.

அந்தப் பழமொழி உழவனின் வேதனையைச் சொன்னது. நாம் அதைக் கணக்கு எழுதாமல் இருப்பதற்குச் சாக்காக வைத்துக்கொண்டோம். முப்பத்தைந்து ஆண்டு ஒரு பொதுத்துறை வங்கியில் இருந்தவன், அதில் பெரும்பகுதி கிராமக் கிளைகளில் பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்தவன், இப்போது ஒன்பது ஆண்டாகக் கழனியில் நிற்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். நம் இயக்கத்தில் விதையைப் பற்றிப் பேசுகிறோம், மண்ணைப் பற்றிப் பேசுகிறோம், சந்தையைப் பற்றிப் பேசுகிறோம். உழவர் வீட்டு வரவு செலவைப் பற்றிப் பேசுவதில்லை. அதைப் பேசாமல் விட்டால் நஞ்சில்லா வேளாண்மைக்கு வருகிறவர்கள் மூன்றாம் வருஷம், நாலாம் வருஷம் திரும்பிப் போவதை நம்மால் நிறுத்த முடியாது.

கட்டுப்படியாகலை என்கிற சொல்

எங்கள் வட்டாரத்தில் ஒரு நண்பர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு ஏக்கர் சொந்தம். மூன்று வருஷமாக யூரியா போடவில்லை. போன கோடையில் வந்து, “சார், எனக்குக் கட்டுப்படியாகலை. அடுத்த போகம் பழைய மாதிரி உரம் போட்டுடலாம்னு இருக்கேன்” என்றார். எவ்வளவு நட்டம் என்று கேட்டேன். “கடன் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் நிக்குது சார்” என்றார். நான் கேட்டது நட்டத்தை, அவர் சொன்னது கடனை. இரண்டும் ஒன்று என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து ஒரு மாலை முழுக்க எழுதினோம். நோட்டு எதுவும் இல்லாததால் நினைவில் இருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு மறந்ததெல்லாம் அந்த அம்மாவுக்கு நினைவிருந்தது.

கழனிக் கணக்கு இப்படி வந்தது. ஒரு ஏக்கர் தூயமல்லி நெல், 1,350 கிலோ. வீட்டுக்கு 450 கிலோ வைத்துக்கொண்டு 900 கிலோவைக் கிலோ 30 ரூபாய்க்கு விற்றதில் 27,000 ரூபாய். இன்னொரு ஏக்கர் மல்லாட்டை, 500 கிலோ, கிலோ 65 என்று 32,500 ரூபாய். ஆகக் கைக்கு வந்த பணம் 59,500. உழவு, நடவு, களை, அறுப்பு, புண்ணாக்கு, வெல்லம் எல்லாம் சேர்த்துக் கைவிட்டுப் போன பணம் 44,000. பணமாக மிஞ்சியது 15,500. வீட்டுக்கு வைத்த நெல்லை விற்ற விலைக்கே கணக்கிட்டால் 13,500. இரண்டும் சேர்ந்து 29,000 ரூபாய் மிச்சம்.

அப்படியானால் கடன் எங்கிருந்து வந்தது? மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு 60,000. பையனுக்கு வாங்கிய வண்டிக்கு முன்பணம் 20,000. மாமியாரின் மருத்துவத்துக்கு 15,000. மோட்டார் காயில் கட்டியதற்கு 15,000. மொத்தம் 1,10,000. இதில் கழனிக்குப் போனது அந்த மோட்டார் செலவு 15,000 மட்டும்தான்.

இன்னொன்றையும் எழுதினோம். உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் முன்பு இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து 14,000 ஆகும் என்றார். இப்போது புண்ணாக்குக்கும் வெல்லத்துக்கும் ஆவது 4,000. வருஷம் 10,000 ரூபாய் மிச்சம். கடனில் 40,000 ரூபாய் ஊரில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியது. மாதம் 800, வருஷத்துக்கு 9,600. உரக்கடைக்குப் போகாமல் மிச்சம் பிடித்த பத்தாயிரம், அப்படியே வட்டிக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது. கழனியில் செய்த நல்ல காரியம் வீட்டு வழியாக ஒழுகிவிட்டது. பழி மட்டும் இயற்கை வேளாண்மை மேல்.

கணக்கு இதோடு முடியவில்லை. கணவனும் மனைவியும் அந்த இரண்டு ஏக்கரில் உழைத்த நாட்கள் சேர்த்து 80. நாளுக்கு 400 ரூபாய் என்று குறைவாகப் போட்டாலே 32,000 ஆகிறது. மிஞ்சிய 29,000-ல் இதைக் கழித்தால் 3,000 ரூபாய் துண்டு விழுகிறது. ஆக அந்த ஒரே மாலையில் இரண்டு உண்மை தெரிந்தது. ஒன்று, கடனுக்குக் காரணம் இயற்கை வேளாண்மை இல்லை. இரண்டு, அவருக்குக் கிடைத்த விலை அவர்களுடைய உழைப்புக்குக் கூலி தரவில்லை. முதலாவது அவர் வீட்டுக்குள் பேச வேண்டியது. இரண்டாவது நாம் எல்லோரும் சேர்ந்து வீதியில் பேச வேண்டியது. கணக்கைப் பிரிக்காதவரை இரண்டும் ஒரே மூட்டையாகக் கிடந்தது, அதற்கு ‘கட்டுப்படியாகலை’ என்று பெயர் வைத்திருந்தார்.

நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் உழவர் குடும்பங்களின் நிலை பற்றி நடத்திய 77-வது சுற்றுக் கணக்கெடுப்பில், நாட்டு அளவில் ஓர் உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரில் இருந்து வந்தது 3,798 ரூபாய்தான். கூலி, சம்பளமாக வந்தது 4,063 ரூபாய். அதாவது உழவர் வீடு என்று நாம் சொல்லும் வீடு, பயிரைவிடக் கூலியில்தான் அதிகம் சம்பாதிக்கிறது. ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் 74,121 ரூபாய். அந்தக் கடனில் வேளாண்மைக்காக வாங்கியது ஏறக்குறைய 57 விழுக்காடு. மீதி 43 விழுக்காடு கழனிக்கு வெளியே போனது.

என் அனுபவத்தில் அந்த 57-லும் ஒரு பங்கைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். நகைக்கடன் விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்று ஓர் இடம் இருக்கும். விவசாயம் என்று எழுதினால் வட்டி குறைவு. கல்யாணத்துக்கு வந்தவரும் விவசாயம் என்றுதான் எழுதுவார். எழுதுகிறவருக்கும் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். தாளில் அது வேளாண் கடன் ஆகிவிடும்.

கிசான் கடன் அட்டை 1998-ல் வந்தது. அதில் கடன் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. ஒரு பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையை உங்கள் பரப்போடு பெருக்குவார்கள். அதற்கு மேல் அறுவடைக்குப் பிந்தைய செலவு, குடும்பச் செலவு என்று 10 விழுக்காடு சேர்ப்பார்கள். பண்ணைச் சொத்துகளைப் பழுது பார்க்க 20 விழுக்காடு. காப்பீடு தனி. பயிர்த்தொகை ஒரு லட்சம் என்றால் குடும்பத்துக்கு 10,000 ரூபாய். மாதம் 833 ரூபாய். உழவர் வீட்டில் அடுப்பு எரிகிறது, பிள்ளை படிக்கிறது என்பதை வங்கி ஒத்துக்கொண்டிருக்கிறது, அந்த மட்டுக்கும் சரி. ஆனால் 833 ரூபாயில் எந்த வீடு நடக்கும்? ஆகவே பயிருக்கு வாங்கிய பணம் பலசரக்குக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. அப்படிப் போவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு போனது என்று தெரியாமல் போவதுதான் ஆபத்து.

ஆபத்து எப்படி வருகிறது என்று பாருங்கள். இந்த அட்டையில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. கெடு தேதிக்குள் கட்டினால் 3 விழுக்காடு தள்ளுபடி. ஆக 4 விழுக்காடுதான். 50,000 ரூபாய்க்கு வருஷம் 2,000 ரூபாய். உழவருக்கு இது மலிவான பணம். ஆனால் அறுவடைப் பணம் வீட்டுக்குள் போய்விட்டால், கெடு வரும்போது கையில் இருக்காது. அப்போது ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கிக் கொண்டுவந்து கட்டி, புதுப்பித்து, திரும்ப எடுத்துக் கொடுப்பார்கள். கவுண்டரில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வங்கியில் எடுக்க நாலு நாள் தள்ளினாலும் ஒரு மாத வட்டி போச்சு. எடுத்த பணத்தை வட்டிக்காரரிடம் திருப்பாமல் வேறு செலவுக்கு விட்டால் அதே 50,000-க்கு வருஷம் 18,000. ஒரே தொகைக்கு 2,000-ம் 18,000-மும். நடுவில் இருக்கும் 16,000 ரூபாயை எந்த ஜீவாமிர்தமும் ஈடுகட்டாது.

நமக்குக் கணக்கு வராதா?

‘நமக்கு இதெல்லாம் வராது சார், படிச்சவங்க வேலை’ என்பார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன் காதுகுத்துக்கு யார் 11 ரூபாய் எழுதினார், யார் 21 எழுதினார், யார் ஒரு குடம் வைத்தார் என்று ஊர் பெயரோடு வரிசையாக இருக்கும். திருப்பிச் செய்யும்போது அந்த வரியைப் பார்த்துத்தான் செய்வோம். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய் விருந்து என்று தனியாகவே நடத்தி, ஒரே நாளில் லட்சக்கணக்கில் எழுதி வாங்குகிறார்கள். ஒரு ரூபாய் பிசகாது. அடுத்தவர் பணத்துக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு, நம் பணத்துக்கு எழுதத் தெரியாதா?

நம் பெண்களைப் பாருங்கள். சுய உதவிக் குழுவில் ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம், உள்கடன் பதிவு என்று அத்தனையும் எழுதுகிறார்கள். வங்கியில் நான் பார்த்த கணக்குகளிலேயே சுத்தமானவை சில குழுக்களின் கணக்குகள். அதே பெண் வீட்டுக்கு வந்ததும் ‘கணக்கெல்லாம் ஆம்பளை பாத்துக்குவான்’ என்று ஆகிவிடுகிறது. வீட்டு நோட்டு அவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரிசி எப்போது தீரும், எந்தப் பிள்ளைக்கு எப்போது கட்டணம், அரசு தரும் உரிமைத் தொகை 1,000 ரூபாய் எதற்குப் போனது என்பது அவருக்குத்தான் தெரியும். கணவன் கழனி நோட்டை எழுதட்டும். வாரம் ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் சண்டை வரும். வரட்டும். கடன்காரர் வாசலில் நின்று கத்துவதைவிட அது மேல்.

தமிழ்நாட்டு உழவர் இயக்கத்துக்குக் கணக்கு புதிதும் இல்லை. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பா தொழிலால் தணிக்கையாளர். காந்தியிடம் வந்ததும் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை குஜராத்தின் மாதர் வட்டத்தில் ஊர் ஊராகப் போய் உழவர் குடும்பங்களின் வரவு செலவை எழுதுவது. நிலவரி அந்த மக்களை எப்படிப் பிழிந்தது என்பதை 1931-ல் வெளிவந்த அந்த ஆய்வு எண்களால் காட்டியது. அவரைத் தற்சார்புப் பொருளாதாரத்தின் ஆசான் என்று கொண்டாடுகிறோம். அவர் வீடு வீடாகப் போய் எழுதிய அந்தக் கணக்கையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படி எழுதுவது?

கைப்பேசியில் செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் செய்துகொடுத்தால் நல்லது. ஆனால் இரண்டு கோடு போட்ட நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

கழனி நோட்டில் கழனிக்கான வரவும் செலவும் மட்டும். கூடவே வீட்டு ஆட்கள் யார், எந்த வேலைக்கு, எத்தனை நாள் என்று ஒரு பத்தி. அந்த உழைப்புக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் எழுதுங்கள்.

வீட்டு நோட்டில் தலைப்புகளை அதிகமாக்க வேண்டாம். சாப்பாடு, படிப்பு, மருத்துவம், வண்டியும் கைப்பேசியும், மொய்யும் விசேஷமும், வட்டியும் தவணையும், மற்றவை. ஏழு போதும். இரவு படுக்கும் முன் ஐந்து நிமிஷம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் எழுதுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் நினைவில் இருப்பதை எழுதிவிட்டுத் தொடருங்கள், நோட்டை மூடிவிடாதீர்கள்.

கழனியில் இருந்து வீட்டுக்குப் பணம் எடுத்தால் இரண்டிலும் எழுத வேண்டும். கழனி நோட்டில் ‘வீட்டுக்குக் கொடுத்தது’, வீட்டு நோட்டில் ‘கழனியில் இருந்து வந்தது’. இந்த ஒரு வரிதான் முக்கியம். இது இல்லாவிட்டால் இரண்டு நோட்டு போட்டும் பயனில்லை.

அதேபோலக் கழனியில் இருந்து வீட்டுக்கு வந்த நெல், எண்ணெய்க்கு ஆட்டிய மல்லாட்டை, கீரை, முருங்கை, பால், முட்டை எல்லாவற்றையும் எழுதுங்கள். விலை என்ன போடுவது? நெல் போல விற்கிற பொருளுக்கு விற்ற விலையைப் போடுங்கள். கீரை, முட்டை போல விற்காத பொருளுக்கு, அதை வாங்க வேண்டியிருந்தால் ஊர்க் கடையில் என்ன கொடுத்திருப்பீர்களோ அதைப் போடுங்கள். சென்னை இயற்கை அங்காடி விலையைப் போட்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நெல்லும் எண்ணெயும் காயும் கழனியில் இருந்தே வந்தால் வருஷத்தில் அது பெரிய தொகை. பல பயிர் வைக்கிற நமக்கு இதுதான் பெரிய வருமானம். ஆனால் பணமாகக் கைக்கு வராததால் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததைத்தான் அடுத்த போகத்தில் முதலில் விட்டுவிடுகிறோம். ‘வீட்டுக்கு எதுக்கு இவ்ளோ நெல்லு, எல்லாத்தையும் வித்துடலாம்’ என்று வித்துவிட்டு ஆவணியில் கடையில் அரிசி வாங்குவோம்.

மூன்று மாதம் எழுதிப் பார்த்தால் சில்லறைச் செலவு தானாகத் தெரியும். காலையில் ஒரு டீ, சாயந்திரம் ஒரு டீ, ஒரு வடை. டீ 12, வடை 8 என்றால் நாளுக்கு 32 ரூபாய். வருஷத்துக்கு 11,680. பிரதமர் பெயரில் மூன்று தவணையாக வருகிற 6,000 ரூபாயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டீ குடிக்காதே என்று சொல்ல நான் யார்? டீக்கடையில்தான் ஊர்ச் செய்தி தெரியும். ஆனால் தெரிந்து குடிக்க வேண்டும். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவில் பானங்கள், தின்பண்டங்கள், பதப்படுத்திய உணவுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு போகிறது. அரிசி, கோதுமை உள்ளிட்ட தானியத்துக்கு ஏறக்குறைய 5 விழுக்காடுதான். நஞ்சில்லா நெல்லை விளைவிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் பாக்கெட்டில் அடைத்ததைத் தின்கிறார்கள் என்றால், அது செலவு மட்டுமா?

மாதச் சம்பளக்காரர் கணக்கு நமக்கு ஒத்துவராது

நகரத்தில் வரவு செலவுத் திட்டம் என்று சொல்லிக்கொடுப்பதெல்லாம் மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்களுக்கானது. சம்பளத்தில் பாதி இதற்கு, கால் பங்கு அதற்கு என்பார்கள். நமக்கு நெல் பணம் தையில் வரும். பள்ளிக் கட்டணம் ஜூனில் வரும். ஆடி, தீபாவளி, நடவுச் செலவு எல்லாம் கை வறண்டிருக்கும் நேரத்தில் வரும். அதனால் நம் கணக்காண்டை ஆடியில் தொடங்கி ஆனியில் முடிப்பதுதான் சரி என்பேன். ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதி, எந்த மாதம் என்ன செலவு நிச்சயம் வரும், எந்த மாதம் எந்தப் பணம் வரும் என்று குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். எந்த மாதத்தில் கடன் வாங்கப் போகிறோம் என்பது ஆறு மாதம் முன்பே தெரிந்துவிடும். முன்பே தெரிந்தால் 4 விழுக்காட்டுக்கு வாங்கலாம். வாசலில் வந்து நிற்கும்போது தெரிந்தால் 36 விழுக்காட்டுக்குத்தான் வாங்க வேண்டும்.

இங்கே பல பயிர்ப் பண்ணையம் நமக்குக் கைகொடுக்கும். பால், கீரை, முட்டை, காய் ஆகிய தினசரி, வாராந்திர வரவு அடுப்படிச் செலவுக்கு. மல்லாட்டை, உளுந்து, எள் போன்ற குறுகிய காலப் பயிரின் பணம் படிப்புக்கும் விசேஷத்துக்கும். நெல்லில் முதலில் வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கும் விதைக்கும் எடுத்து வைத்துவிட்டு, விற்ற பணம் நேராக வங்கிக் கெடுவுக்கு. எந்த வரவு எந்தச் செலவுக்கு என்று முன்பே கட்டிவைத்துவிட்டால், ஒரே பயிரை நம்பி எல்லாச் செலவையும் அதன் தலையில் ஏற்றும் நிலை வராது. ஒற்றைப் பயிர் கூடாது என்று மண்ணுக்காகச் சொல்கிறோம். வீட்டுக்கும் அது பொருந்தும்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சொல்

ஓய்வு பெற்று உழவுக்கு வந்தவர்கள் நம் இயக்கத்தில் கணிசமாக இருக்கிறோம். வங்கி, ஆசிரியப் பணி, மின்வாரியம், கணினி நிறுவனம் என்று பல இடங்களில் இருந்து வந்திருக்கிறோம். நம் பண்ணையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ‘இயற்கை வேளாண்மை லாபம்தான்’ என்று மேடையில் பேசுகிறோம். நம் வீட்டு அடுப்பு ஓய்வூதியத்தில் எரிகிறது என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு போகம் மழையில் போனாலும் ஒன்றாம் தேதி பணம் வந்துவிடும். பக்கத்துக் கழனிக்காரருக்கு வராது. ஆரம்பம் முதலே என் கழனி நோட்டில் ஓய்வூதியத்தில் இருந்து எடுத்துப் போட்ட ஒவ்வொரு ரூபாயையும் கடன் என்றே எழுதுகிறேன், அதற்கு 7 விழுக்காடு வட்டியும் போடுகிறேன். அப்படிப் போட்டால் முதல் நாலு ஆண்டு என் பண்ணை நட்டம். ஐந்தாம் ஆண்டுதான் தலை நிமிர்ந்தது. கேட்கிறவர்களுக்கு இந்த நாலு ஆண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இதை மறைத்து ‘முதல் போகத்திலேயே லாபம்’ என்று பேசினால், அதை நம்பி ஓய்வூதியம் இல்லாத ஒரு குடும்பம் இறங்கிவிடும். அவர்கள் வாங்கும் அடிக்கு நாம்தான் பொறுப்பு.

செலவைக் குறைத்தால் தீருமா?

இப்படி எழுதும்போது ஒரு கேள்வி வரும். ‘விலை கொடுக்காத அரசையும் சந்தையையும் விட்டுவிட்டு, உழவனைப் பார்த்து டீயைக் குறை என்கிறீர்களா?’ நியாயமான கேள்வி. பயிரில் இருந்து மாதம் 3,798 ரூபாய் வரும் குடும்பம் எத்தனை டீயைக் குறைத்தாலும் கரையேறாது. சிக்கனம் விலைக்கு மாற்று ஆகாது. மகளுக்குச் சடங்கு செய்யாதே, மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகாதே என்று சொல்லும் உரிமையும் யாருக்கும் இல்லை.

நான் நோட்டைக் கேட்பதே விலைக்காகத்தான். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து ஆதரவு விலை வேண்டும் என்றது. ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம் என்று ஒன்றிய அரசு 2018-ல் இருந்து சொல்கிறது. அவர்கள் எடுப்பது கையில் இருந்து போன செலவும் குடும்ப உழைப்பின் மதிப்பும் சேர்ந்த கணக்கு. உழவர் அமைப்புகள் கேட்பது நில வாடகை, முதலீட்டுக்கான வட்டி எல்லாம் சேர்ந்த முழுச் செலவுக் கணக்கு. சண்டையே எந்தச் செலவைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான். அப்படி இருக்க, குடும்ப உழைப்பை எத்தனை நாள் என்றே எழுதாமல், ‘எங்கள் உழைப்புக்கு மதிப்பில்லை’ என்று எப்படி வாதாடுவோம்? பாரம்பரிய நெல்லுக்கு ஆதரவு விலைப் பட்டியலில் தனி இடம் கிடையாது. அங்கே இருப்பது பொது ரகம், சன்ன ரகம் இரண்டுதான். தூயமல்லிக்கும் கருங்குறுவைக்கும் இன்ன விலை வேண்டும் என்று நாம் கேட்டால், அதிகாரி கேட்கும் முதல் கேள்வி ‘உங்களுக்கு என்ன அடக்கம்?’ என்பதாக இருக்கும். நூறு உழவர்களின் மூன்று ஆண்டு நோட்டு கையில் இருந்தால் மேசையில் வைக்கலாம். இல்லாவிட்டால் பழமொழிதான் சொல்ல வேண்டும்.

நேரடியாக நுகர்வோருக்கு விற்கிறவர்களுக்கும் இதுவே. கிலோ 90 ரூபாய் ஏன் என்று கேட்கிற நகரத்து அம்மாவிடம் ‘அப்படித்தாங்க விலை’ என்று சொல்வதற்கும், இந்த நோட்டைத் திறந்து காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

அதனால் இயக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். விருப்பம் உள்ளவர்கள் கழனி நோட்டைக் கொண்டுவரட்டும். வீட்டு நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும், அது அந்தக் குடும்பத்தின் மானம். கூட்டுவது கழிப்பது சொல்லிக்கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்ற கணக்கர்கள் வட்டத்துக்கு இரண்டு பேராவது இருப்போம். எங்களிடம் வேலை வாங்குங்கள்.

மேலே சொன்ன நண்பர் யூரியாவுக்குத் திரும்பவில்லை. கடன் இன்னும் முழுதாகத் தீரவும் இல்லை. ஊர்க்கடனை அடைக்க மல்லாட்டைப் பணத்தில் 20,000 கட்டினார்கள். மீதிக்கு வட்டி மாதம் 400 ஆகக் குறைந்திருக்கிறது. வீட்டு நோட்டு அந்த அம்மாவிடம். போன மாதம் பார்த்தபோது, “அண்ணா, தை மாசம் மிச்சத்தையும் கட்டிடலாம்னு எழுதி வெச்சிருக்கேன். ஆனா அதுக்கு நெல்லு கிலோ 38-க்காவது போகணும். எங்க விக்கலாம்?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் இயக்கம்.